நூலகத்துக்காகக் கட்டிய சோதனைக் கண்டெய்னர்கள்

“தம்பி, போன தடவை மாதிரி ரெண்டு நாள் நின்னுடாதுல்ல?”

நூலகர் அம்மா கேட்ட இந்தக் கேள்விக்காகத்தான் 2024 பிப்ரவரியில் வீட்டு மேசைக்கு அடியில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்தேன். ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன நூலகம் அது. அதன் நூற்பட்டியல் இருக்கும் சர்வரை ஓய்வு நேரத்தில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஓடிக்கொண்டிருந்தது சென்டாஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிவதாக இருந்தது. அதற்குள் இன்னொரு லினக்ஸான டெபியன் 12-க்கு மாறியாக வேண்டும்.

முந்தைய முறை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை மட்டும் 13-ஆம் பதிப்புக்கு ஏற்றினேன். ஒத்திகை எதுவும் பார்க்காமல் நேராகச் சர்வரிலேயே கை வைத்தேன். இரண்டு நாள் நோட்டில் எழுதித்தான் புத்தகம் கொடுத்தார்கள். பரீட்சைக்கு முன்னால் வந்த பிள்ளைகள் தேடிய புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். அதை அந்த அம்மா சொன்னபோது எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை. இந்த முறை சர்வரைத் தொடுவதற்கு முன்னால் வீட்டிலேயே முழுசாக ஒருமுறை நடத்திப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கம்ப்யூட்டரில் நான்கு கோர், 16 ஜிபி மெமரி, 500 ஜிபி எஸ்எஸ்டி. அதில் பிராக்ஸ்மாக்ஸ் 8 போட்டேன். வியன்னாவில் இருக்கும் ஒரு நிறுவனம் டெபியன்மேல் கட்டித் தரும் விர்ச்சுவலைசேஷன் மேடை அது. ஒரே திரையில் விர்ச்சுவல் மெஷின்களையும் லினக்ஸ் கண்டெய்னர்களையும் வைத்து நடத்தலாம். உதவிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன், ஆர்வக்காரன். உட்கார்ந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி:

“அண்ணா, விஎம்மே போட்டுரலாமே? எதுக்குக் கண்டெய்னர்?”

நியாயமான கேள்வி. விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின், தனி வீடு மாதிரி. அதற்கென்று பாவனை வன்பொருள் உண்டு, இயங்குதளத்தின் மையமான கெர்னல் சொந்தமாக உண்டு, பயாஸிலிருந்து தொடங்கி முழுசாகக் கிளம்பும். கண்டெய்னர் ஒண்டுக்குடித்தனம். தனி அறை, தனி அடுப்பு, கதவுக்குத் தனிப் பூட்டு எல்லாம் இருக்கும். ஆனால் கிணறு ஒன்றுதான். அந்தக் கிணறுதான் ஹோஸ்டின், அதாவது இவற்றையெல்லாம் தாங்கும் கம்ப்யூட்டரின், கெர்னல். சென்டாஸ் கண்டெய்னருக்குள் போய்க் கெர்னல் பதிப்பைக் கேட்டாலும் பிராக்ஸ்மாக்ஸ் கெர்னலின் எண்தான் வரும். உள்ளே ஓடுவதெல்லாம் ஹோஸ்டின் சாதாரண புரோசஸ்கள். அவை எதைப் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ்களும், மெமரியையும் சிபியூவையும் எவ்வளவு தின்னலாம் என்பதைச் சிகுரூப்களும் கட்டுப்படுத்துகின்றன. இரண்டுமே கெர்னலின் வசதிகள். அவ்வளவுதான்.

அதனால் கிடைக்கும் முதல் லாபம் இடம். விஎம் ஒன்றுக்கு 2 ஜிபி வீதம் கொடுத்தால், ஹோஸ்டின் பங்கு போக ஆறு விஎம்மில் என் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். கண்டெய்னருக்குக் கொடுக்கும் 2 ஜிபி ஒரு வரம்பு, முன்கூட்டி ஒதுக்கிவைக்கும் பங்கு கிடையாது. சும்மா இருக்கும் டெபியன் கண்டெய்னர் சில பத்து எம்பியோடு படுத்துக் கிடக்கும். ஒரு கட்டத்தில் பதினான்கு கண்டெய்னர்கள் அதில் ஓடின. இரண்டாவது லாபம் நேரம். சில நொடிகளில் ஸ்டார்ட் ஆகும், சில நொடிகளில் பழைய ஸ்நாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பு பதிந்துவைத்த நிலைக்கு, திரும்பும். ஒத்திகைக்கு அது பெரிய விஷயம். பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சுத்தமான நிலையிலிருந்து தொடங்கலாம் என்றால்தான் மனிதன் பத்துத் தடவை செய்து பார்ப்பான்.

ஆனால் பையனுக்கு நான் சொன்ன பதில் இந்த இரண்டுமே இல்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். கோட்டுக்கு மேலே, கண்டெய்னருக்குச் சொந்தமானவை: ஜிலிப்சி (புரோகிராம்கள் எல்லாம் நம்பி நிற்கும் அடிப்படை நிரல் தொகுப்பு), லொக்கேல் (மொழி, எழுத்து வரிசை அமைப்பு), போஸ்ட்கிரெஸ், பைத்தான், அப்பாச்சி, கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), ஃபைல் உரிமைகள். கோட்டுக்குக் கீழே, ஹோஸ்டிடம் கடன் வாங்குபவை: கெர்னல், அதன் மாட்யூல்கள், கடிகாரம், பூட் லோடர், டிஸ்க் என்கிரிப்ஷன், எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு. நமக்குப் பயம் எதில் இருக்கிறது, அது கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. மேலே இருப்பதைப் பற்றிக் கண்டெய்னர் உண்மையைச் சொல்லும். கீழே இருப்பதைப் பற்றி அது சொல்வது ஹோஸ்டைப் பற்றிய செய்தி, நம் சர்வரைப் பற்றியது இல்லை. சரி, நூலக வேலையில் பயம் எங்கே? டேட்டாபேஸில், தமிழ் எழுத்துகளில், தேடலில். எல்லாம் கோட்டுக்கு மேலே.

இந்தத் தாள் இன்னும் என் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது.

ஹோஸ்டில் குடியிருப்பதைக் கெஸ்ட் என்போம். முதல் கெஸ்ட், பழைய சர்வரின் நகல். கையில் பழைய சென்டாஸ் 7 டெம்ப்ளேட், அதாவது கண்டெய்னர் கட்டுவதற்கான அச்சு, ஒன்று இருந்தது. 901 என்று எண் கொடுத்து, இரண்டு கோர், 2 ஜிபி மெமரி, 8 ஜிபி டிஸ்க் வைத்து ஸ்டார்ட் செய்தேன். திரையில் ஓடுவதாகப் பச்சை காட்டியது. உள்ளே ஒன்றுமே இல்லை. கன்சோல் கறுப்பாக இருந்தது, ஐபி முகவரி வரவில்லை. டாஸ்க் லாகைத் திறந்த பிறகுதான் எச்சரிக்கையைப் பார்த்தேன். பழைய சிஸ்டம்டி, சிகுரூப் இரண்டாம் பதிப்பு மட்டுமே இருக்கும் சூழலில் ஓடாது என்று எழுதியிருந்தது. லினக்ஸ் எழும்போது முதலில் ஓடி மற்ற சர்வீஸ்களைக் கிளப்புவதுதான் சிஸ்டம்டி.

கோட்டுக்கு மேலே இருக்கும் ஒன்று கீழே இருப்பதை நம்பி நிற்கும் இடம் இது. கூகுளில் பால் மேனேஜ், ரோஹித் சேத் என்ற பொறியாளர்கள் 2006-இல் தொடங்கிய வேலைதான் சிகுரூப். 2008 ஜனவரியில் 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. லினக்ஸ் கண்டெய்னர்களை நடத்தும் எல்எக்ஸ்சி திட்டமும் அதே 2008-இல்தான் பிறந்தது. பிறகு சிகுரூப்பைப் புதிதாக வடிவமைத்தார்கள். அந்த இரண்டாம் பதிப்பு 2016-இல் 4.5 கெர்னலோடு அதிகாரப்பூர்வமாக வந்தது. சென்டாஸ் 7-இல் இருக்கும் சிஸ்டம்டி 219. அது 2015-இல் வந்தது, புதிய ஏற்பாடு அதற்குத் தெரியாது. பிராக்ஸ்மாக்ஸோ 7-ஆம் பதிப்பிலிருந்து இரண்டாம் பதிப்பை மட்டுமே இயல்பாக வைக்கிறது. ஆக, 219 கண் விழித்துத் தன் சிகுரூப் மரத்தைத் தேடுகிறது, காணவில்லை, அப்படியே நின்றுவிடுகிறது.

ஹோஸ்டின் கெர்னல் வரியில் பழைய கலப்பு ஏற்பாட்டைக் கேட்கும் ஓர் அளவுருவைச் சேர்த்து ரீபூட் செய்தால் 901 ஓடும். வீட்டுக் கம்ப்யூட்டர் என்பதால் அதைத்தான் செய்தேன். பலர் பயன்படுத்தும் ஹோஸ்டில் நான் இதைச் செய்ய மாட்டேன். ஒரு குடித்தனக்காரருக்காகக் கிணற்றையே மாற்றி வெட்டுகிற காரியம் அது. மற்ற எல்லாக் கண்டெய்னர்களின் தரையும் அசையும். பிராக்ஸ்மாக்ஸ் 9-இல் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. இனி சென்டாஸ் 7-ஐ எழுப்ப வேண்டுமானால் விஎம்தான்.

இரண்டாவது கெஸ்ட் 902, டெபியன் 12. இதைக் கமாண்ட் லைனில் உருவாக்கினேன். எழுந்தது, ஐபி வந்தது. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போனால் பாஸ்வேர்டு கொடுத்த பிறகு ஒரு நீண்ட மௌனம். கடிகாரம் வைத்துப் பார்த்தோம், 25 நொடி. ஒவ்வொரு முறையும் அதே 25. நெட்வொர்க்கில் பிரச்சினை என்று ஒரு மணி நேரம் டிஎன்எஸ்ஸைத் துருவினோம். அப்புறம் உள்ளே சர்வீஸ்களின் பட்டியலைப் பார்த்தபோதுதான் லாகின்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி-லாகின்டி தோற்றுக் கிடந்தது தெரிந்தது. லாகின் வேலை அதன் பதிலுக்காக 25 நொடி காத்திருந்துவிட்டு, வராது என்று கைவிட்டு மேலே போகிறது. புதிய சிஸ்டம்டி தன் சர்வீஸ்களுக்குத் தனித்தனி மறைவிடம் கட்டிக்கொள்ளப் பார்க்கும். அதற்குக் கண்டெய்னருக்குள் மேலும் நேம்ஸ்பேஸ் போடவும் மவுண்ட் செய்யவும் அனுமதி வேண்டும். அந்த அனுமதியின் பெயர் நெஸ்டிங். வலைத்திரையில் கண்டெய்னர் உருவாக்கினால் அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் இருக்கும். கமாண்ட் லைனில் நாம்தான் சொல்ல வேண்டும். அதைச் சேர்த்ததும் லாகின் உடனே வந்தது.

இரண்டுமே அன்பிரிவிலேஜ்ட் கண்டெய்னர்கள். இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதித் தலைவலி தீரும். இந்த வகைக் கண்டெய்னருக்குள் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசராக, இருப்பவர் ஹோஸ்டின் கண்ணுக்கு 100000 என்ற எண்ணுள்ள சாதாரண யூசர். உள்ளே 0 முதல் 65535 வரை, வெளியே 100000 முதல் 165535 வரை. மொத்தம் 65536 எண்கள், அப்படியே ஒரு லட்சம் தள்ளி வைத்தது. 2013-இல் வந்த 3.8 கெர்னலில் யூசர் நேம்ஸ்பேஸ் பயன்பாட்டுக்கு வந்ததால் முடிந்த காரியம் இது. அதை வைத்து 2014 பிப்ரவரியில் வந்த எல்எக்ஸ்சி 1.0 இந்த வகைக் கண்டெய்னர்களைக் கொண்டுவந்தது. பிரிவிலேஜ்ட் வகையில் உள்ளே இருக்கும் ரூட் ஹோஸ்டின் ரூட்டேதான். அந்த வகையைப் பாதுகாப்பானது என்று எல்எக்ஸ்சி எழுதியவர்களே சொல்வதில்லை. சோதனைதானே, எதற்கு இந்தக் கவனம் என்று கேட்பவர்கள் உண்டு. சோதனைக் கெஸ்ட்டில்தான் கண்ட ஸ்கிரிப்ட்டையும் ரூட்டாக ஓட்டிப் பார்ப்போம். அங்கேதான் இந்த வேலி அதிகம் தேவை.

எண்களின் இந்த இடமாற்றம் எங்களை எங்கே பிடித்தது என்று சொல்கிறேன். நூலகத்தின் பேக்கப் ஹோஸ்டில் ஒரு டைரக்டரியில் இருந்தது. அதை நகலெடுக்காமல், இருந்த இடத்திலிருந்தே 901-க்குள் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லா ஃபைலும் ‘நோபடி’ என்ற யூசருக்குச் சொந்தம் என்று காட்டியது. போஸ்ட்கிரெஸால் திறக்க முடியவில்லை. ஹோஸ்டின் ரூட், கண்டெய்னருக்குள் பெயரே இல்லாதவர். அதனால் எண் 65534, பெயர் நோபடி. சென்டாஸில் போஸ்ட்கிரெஸ் யூசரின் எண் 26. ஆக, ஹோஸ்டில் அந்த ஃபைல்களை 100026-க்குச் சொந்தமாக்கினால் உள்ளே அவை 26-க்குச் சொந்தம். பையன் இதைத் தாளில் கூட்டிப் போட்டு, தானே மாற்றி, ஃபைல் திறந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த முட்டுக்கட்டை வந்தது. ஸ்நாப்ஷாட் பொத்தான் வேலை செய்யவில்லை. ஹோஸ்ட் டைரக்டரியைப் பைண்ட் மவுண்ட் செய்த கண்டெய்னரைப் பிராக்ஸ்மாக்ஸ் ஸ்நாப்ஷாட் எடுக்காது. வெளியே இருக்கும் டைரக்டரியின் நேற்றைய நிலையை அது எங்கிருந்து கொண்டுவரும்? கண்டெய்னரின் டிஸ்க் எல்விஎம்-தின் அல்லது இசட்எஃப்எஸ் போன்ற ஸ்டோரேஜில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. மவுண்ட்டை எடுத்துவிட்டு, கண்டெய்னர்களைக் கையாளும் பிசிடி கமாண்டின் புஷ் வழியாக பேக்கப்பைக் கண்டெய்னருக்குள்ளேயே நகலெடுத்தேன். புஷ் செய்யும்போதே உள்ளே யாருக்குச் சொந்தம் என்று எண் கொடுக்கலாம், இந்தக் கூட்டல் கணக்கே தேவையில்லை. அதன் பிறகு ‘தொடக்கம்’ என்று பெயர் வைத்து ஒரு ஸ்நாப்ஷாட். அடுத்த ஆறு வாரத்தில் அந்தத் தொடக்கத்துக்கு எத்தனை முறை திரும்பினோம் என்று எண்ணவில்லை.

இன்னொன்றையும் முதல் நாளே செய்தோம், அதைச் செய்ததில் எனக்கு இன்றைக்கும் நிம்மதி. பேக்கப்பில் இருப்பது உண்மையான வாசகர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் மெயிலும். புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்குக் கிரான் வேலை ஒன்று தினமும் காலையில் நினைவூட்டல் அனுப்பும். நகலெடுத்த கெஸ்ட்டில் அதே கிரான் அதே நேரத்தில் எழுந்துகொள்ளும். அது யாருக்கும் மெயில் அனுப்பிவிடக் கூடாது. அதனால் பிராக்ஸ்மாக்ஸில் இரண்டாவதாக ஒரு பிரிட்ஜ், அதாவது கெஸ்ட்டுகளை இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச், போட்டேன். அதில் எந்த நெட்வொர்க் கார்டும் சேராது. கெஸ்ட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், வெளியே போக வழி கிடையாது. பேக்கேஜ் இறக்க வேண்டியபோது மட்டும் ஹோஸ்டில் தற்காலிகமாக வழி திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுவோம். பேக்கப்பை ஏற்றிய உடனே பெயர்களையும் எண்களையும் மாற்றி எழுதும் ஸ்கிரிப்ட்டும் ஓடும். கெஸ்ட்டுக்குக் கதவு எந்தப் பக்கம் என்று தீர்மானிக்காமல் உண்மையான தரவை அதற்குள் வைப்பது தவறு என்றே நினைக்கிறேன். நம்மை நம்பி எண் கொடுத்தவர்கள் அவர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் முதல் திட்டம் சுலபமானது. புதிய டெபியனிலும் அதே போஸ்ட்கிரெஸ் 13-ஐப் போடுவது, பழைய சர்வரின் டேட்டா டைரக்டரியை அப்படியே நகலெடுத்து வைப்பது. பதிப்பு ஒன்று, சிபியூ வகை ஒன்று, ஃபைல் அமைப்பு ஒன்று. தரவை மட்டும் தனி ஃபைலாக வெளியே எழுதும் டம்ப்பை எடுத்து ஏற்றுவதைவிட வேகம். 902-இல் செய்தோம். சர்வர் எழுந்தது, பட்டியல் வந்தது, புத்தக எண்ணிக்கை சரியாக இருந்தது. பையன் கை தட்டினான். நான் நூலகர் அம்மாவிடமிருந்து வாங்கி வைத்திருந்த தேடல் பட்டியலை எடுத்தேன். ஒரு சாதாரண வாரத்தில் அவர் என்னென்ன தேடுவார் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் சில, நடுவில் சிறுகோடு (-) போட்ட எண்கள். தமிழ் இலக்கியத்துக்குத் தசம வகைப்பாட்டில் 894.811 என்ற எண். அதற்குப் பின்னால் சிறுகோடு போட்டு நூலகம் தன் சொந்த எண்களைச் சேர்த்துக்கொள்ளும். அந்த எண்களில் சிலவற்றைத் தேடினால் புத்தகம் இல்லை என்று வந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினால் அதே புத்தகம் பட்டியலில் இருக்கிறது!

இது ஏன் என்று புரிய ஒரு மாலை முழுக்கப் போனது. போஸ்ட்கிரெஸ் எழுத்துத் தரவை எந்த வரிசையில் வைப்பது என்பதை ஜிலிப்சியிடம் கேட்கிறது. இண்டெக்ஸ் என்பது அந்த வரிசையில் அடுக்கிய மரம். 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 தன் வரிசை அட்டவணையை மொத்தமாக மாற்றி எழுதியது. சென்டாஸ் 7-இல் இருப்பது 2.17. ‘1-1’, ‘11’ என்று இரண்டு வரி எழுதி, அமெரிக்க ஆங்கில லொக்கேலில் வரிசைப்படுத்திப் பாருங்கள். பழையதில் 11 முதலில் வரும், புதியதில் 1-1 முதலில் வரும். பழைய வரிசையில் அடுக்கிய மரத்தில் புதிய வரிசைப்படி தேடினால், இருக்கிற இடத்துக்கு எதிர்க் கிளையில் போய்த் தேடிவிட்டு இல்லை என்று திரும்பி வரும். இதைவிடக் கெட்டது, ஒரே எண்ணை இரண்டு முறை சேர்க்க விடாத இண்டெக்ஸும் ஏமாந்து இரட்டைப் பதிவை அனுமதிக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

போஸ்ட்கிரெஸோடு வரும் ஆம்செக் என்ற நீட்சியை வைத்து இண்டெக்ஸ்களைச் சோதித்தோம். இரண்டு இண்டெக்ஸ்களில் வரிசை உடைந்திருப்பதாகச் சொன்னது. போஸ்ட்கிரெஸ்காரர்கள் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறார்கள். ரீஇண்டெக்ஸ் செய்தால் சரியாகிவிடும், டம்ப் எடுத்து ஏற்றினால் பிரச்சினையே கிடையாது, ஏனென்றால் மரத்தைப் புதிதாகக் கட்டும். நான் அதைப் படித்திருக்கவில்லை. 902 இல்லாவிட்டால் இது ஜூன் மாதத்தில் அந்த அம்மாவின் மேசையில் நடந்திருக்கும்.

கோட்டை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஜிலிப்சி கோட்டுக்கு மேலே. 901-க்குள் அசல் 2.17, 902-க்குள் டெபியன் 12-இன் 2.36, இரண்டுக்கும் கீழே ஒரே கெர்னல். கெர்னல் ஒன்றாக இருந்ததே இங்கே வசதியாகிவிட்டது. வேறுபாடு ஜிலிப்சியில்தான் என்று சந்தேகமே இல்லாமல் கை காட்ட முடிந்தது. இரண்டு விஎம் போட்டிருந்தால் கெர்னலையும் ஒரு நாள் சந்தேகப்பட்டிருப்பேன்.

டம்ப் என்று முடிவானதும், அப்படியானால் பழைய 13 எதற்கு, டெபியன் 12-இலேயே வரும் போஸ்ட்கிரெஸ் 15 போதுமே என்று 903-ஐக் கட்டினோம். இங்கே தமிழ் குறுக்கே வந்தது. கண்டெய்னர் டெம்ப்ளேட்டுகள் மெலிந்தவை. லொக்கேல்கள் எதுவும் உருவாகாமலே வரலாம். மொழி அமைக்காத கெஸ்ட்டில் டெபியன் போஸ்ட்கிரெஸை நிறுவினால், அது எஸ்க்யூஎல்-ஆஸ்கி என்ற குறியாக்கத்தில் டேட்டாபேஸைத் தொடங்கும். பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரியும், தமிழ் தமிழாகவே வரும். ஆனால் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் 15 என்றது. யூனிகோட் குறிகளாக எண்ணினால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணுகிறது. புத்தகத் தலைப்பை இருபது எழுத்துக்கு வெட்டிக் காட்டும் பக்கத்தில் கடைசி எழுத்து கட்டம் கட்டமாக உடைந்ததைப் பையன்தான் முதலில் கவனித்தான்.

லொக்கேலை உருவாக்கி, டேட்டாபேஸை யுடிஎஃப்-8-இல் மறுபடி தொடங்கினோம். இனி வரிசை. நான் எந்தக் கெஸ்ட்டைக் கட்டினாலும் ஐந்து சொற்களை உள்ளே போட்டு வரிசைப்படுத்திப் பார்ப்பேன்: மரம், மலர், மழை, மறை, மனம். நம் அகராதி வரிசை ய ர ல வ ழ ள ற ன. ஆக இந்த ஐந்தும் எழுதிய இதே வரிசையில் வர வேண்டும். யூனிகோட் எண்களின்படி வெறுமனே வரிசைப்படுத்தினால் மனம், மரம், மறை, மலர், மழை என்று வரும். யூனிகோடில் ன-வை ந-வுக்குப் பக்கத்திலும் ற-வை ர-வுக்குப் பக்கத்திலும் வைத்திருப்பதால் வரும் வினை. சி என்ற லொக்கேலில் இருக்கும் கெஸ்ட் இந்த இரண்டாவது வரிசையைத்தான் தரும். போஸ்ட்கிரெஸ் 15-இல் டேட்டாபேஸ் முழுவதற்குமே வரிசைப்படுத்த ஜிலிப்சிக்குப் பதில் ஐசியு என்ற தனி நிரல் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் என்று சொல்லி அதைக் கொடுத்ததும் ஐந்து சொற்களும் அகராதிப்படி நின்றன. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வரிசையைத் திரையில் பார்க்கும்போது ஏற்படும் சந்தோஷம் தனி.

மெமரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 903-க்கு வேண்டுமென்றே 1 ஜிபி மட்டும் கொடுத்து டம்ப்பை ஏற்றினோம். இண்டெக்ஸ் கட்டும்போது போஸ்ட்கிரெஸ் புரோசஸ் சிக்னல் 9-இல் செத்தது. ஏன் செத்தது என்ற விளக்கம் ஹோஸ்டின் கெர்னல் லாகில் இருந்தது. சிகுரூப் வரம்பைத் தாண்டியதால் கெர்னலே கொன்றது என்று அங்கே எழுதியிருந்தது. சர்வரில் எவ்வளவு மெமரி ஒதுக்க வேண்டும் என்ற கணக்கு அப்படிக் கிடைத்தது. எல்எக்ஸ்சிஎஃப்எஸ் என்ற ஏற்பாட்டால் கண்டெய்னருக்குள் மெமரி எவ்வளவு என்று கேட்டால் நாம் கொடுத்த வரம்பையே காட்டும். ஆனால் வேலைப் பளுவைக் காட்டும் லோட் ஆவரேஜ் இயல்பாக ஹோஸ்டுடையது. பக்கத்துக் கண்டெய்னர் ஓடி வேர்த்தால் இங்கே வியர்வை தெரியும். வேகத்தை அளக்கும் சோதனைகளுக்கு நான் கண்டெய்னரை நம்புவதில்லை.

கடிகாரம் கோட்டுக்குக் கீழே. தாமதக் கட்டணம் சரியாகக் கணக்கிடுகிறதா என்று பார்க்கத் தேதியைப் பதினைந்து நாள் முன்னால் தள்ள வேண்டியிருந்தது. கண்டெய்னருக்குள் ரூட்டாக நின்று தேதியை மாற்றச் சொன்னால் அனுமதி இல்லை என்றது. சரிதான், அது ஹோஸ்டின் கடிகாரம், எல்லோருக்கும் பொது. 2020-இல் கெர்னலில் டைம் நேம்ஸ்பேஸ் என்று ஒன்று வந்தது உண்மை. ஆனால் பூட் ஆனதிலிருந்து ஓடும் கடிகாரங்களைத்தான் அது பிரித்துக் கொடுக்கிறது, சுவர்க் கடிகாரத்தை இல்லை. அந்த ஒரு சோதனைக்காக விஎம் ஒன்றைப் போட்டோம். எஸ்இலினக்ஸ் விதிகளைப் பார்க்கவும் அதே விஎம்தான். பிராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட் ஆப்ஆர்மர் என்ற வேறொரு பாதுகாப்பு ஏற்பாட்டைப் பயன்படுத்துவதால் கண்டெய்னரில் எஸ்இலினக்ஸுக்கு இடமே இல்லை. பையன் முதல் நாள் கேட்ட கேள்விக்கு இப்படியாக அவனே பாதிப் பதில் சொல்லிக்கொண்டான்.

குளோன் செய்யும்போது ஒரு கவனம் வேண்டும். நானே கையால் உபுண்டு கெஸ்ட் ஒன்றைத் தயார் செய்து, அதன் நகல்களை வைத்து வலைப்பக்கத்தைச் சோதித்தபோது, இரண்டு நகல்கள் ஒரே ஐபியை வாங்கிக்கொண்டு சண்டை போட்டன. மேக் முகவரி வேறு வேறுதான். ஆனால் உள்ளே இருக்கும் மெஷின்-ஐடி ஃபைல் அப்படியே நகலாகியிருந்தது. நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, ஐபி வழங்கும் டிஎச்சிபியிடம் தன்னை அடையாளம் சொல்வது அந்த ஐடியிலிருந்து பிறந்த எண்ணை வைத்துத்தான். டெம்ப்ளேட்டாக மாற்றும் முன்னால் அந்த ஃபைலைக் காலி செய்துவிட வேண்டும். எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளையும் அழித்து, ஒவ்வொரு நகலும் முதல் முறை எழும்போது தனக்கென்று புதிதாகச் செய்துகொள்ளும்படி விட வேண்டும்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூலகம் மூடியிருந்த நேரத்தில் மாற்றினோம். டம்ப் எடுக்க, ஏற்ற, ஆம்செக் ஓட்ட, தேடல் பட்டியலைச் சரிபார்க்க எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் மணி நேரம். வீட்டில் கடைசி மூன்று ஒத்திகையிலும் ஏறக்குறைய அதே நேரம்தான். திங்கள்கிழமை காலை வழக்கம்போலக் கதவு திறந்தது.

அடுத்த சனிக்கிழமை போயிருந்தேன். நூலகர் அம்மா தலைப்பு வரிசைப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை நகர்த்திக்கொண்டே வந்தார். ற, ன எல்லாம் இடத்தில் இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் நின்றார்.

“தம்பி, ஜ ஏன் இவ்வளவு கீழ போயிடுச்சு? எங்க கார்டு பீரோவுல ச-வுக்கு அடுத்த டிராயர்லதான் ஜ இருக்கும். நாப்பது வருஷப் பழக்கம்.”

ஐசியு-வின் தமிழ் வரிசையில் கிரந்த எழுத்துகள் ன-வுக்குப் பிறகு வரும். வெறும் யூனிகோட் எண் வரிசையில் ஜ ச-வுக்குப் பக்கத்தில்தான் நிற்கும், ஆனால் அதற்காக ற-வையும் ன-வையும் விட்டுக்கொடுக்க முடியாது. போஸ்ட்கிரெஸ் 16-இல் ஐசியு வரிசைக்கு மேல் நம் சொந்த விதியை எழுதிச் சேர்க்க வழி இருக்கிறது. அன்று இரவே 903-ஐக் குளோன் செய்து 904 என்று எண் கொடுத்து, அதில் 16-ஐ ஏற்றினேன். ஐந்து சொற்களோடு ஆறாவதாக ஜன்னல், ஏழாவதாகச் சங்கு. பையனுக்கு மறுநாள் பரீட்சை, முடித்துவிட்டு வருகிறேன், அதுவரை அந்த விதியை எழுதிவிடாதீர்கள் என்று மெசேஜ் அனுப்பியிருந்தான். ஸ்நாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டு மெஷினை அணைத்தேன்.